பத்தாயிரம் ரூபாயில் ஒரு வகுப்பறை: சுவரா, தரையா, சன்னலா?

ஒவ்வொரு மே மாதமும் இந்தக் கேள்வி எனக்கு வந்துவிடும். கேட்பவர்கள் பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு எடுக்கும் டீச்சர்கள். “ஏனுங்க அக்கா, கையில பத்தாயிரம் இருக்குதுங்க. பெயின்ட் அடிச்சுப் படம் வரையலாமா, ஜமுக்காளம் வாங்கிப் போடலாமா? பசங்க வந்தா நிம்மதியா உக்காரோணும், அவ்வளவுதானுங்க.”

பத்தாயிரம் என்பது சும்மா வந்த எண் இல்லை. 30-க்கு மேல் 100 வரை பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் ஆண்டு மானியம் 25,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குப் போக வேண்டும். சாக்பீஸ், பதிவேடு, குழாய், ஸ்விட்ச் எல்லாம் போக, ஓர் அறைக்கென்று பத்தாயிரம் ஒதுக்க முடிந்தாலே பெரிய விஷயம். மேலே வேண்டுமென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேச வேண்டும், இல்லாவிட்டால் ஊரில் தறி போட்டிருப்பவர் யாராவது மனசு வைக்க வேண்டும்.

நான் அவிநாசிக்கும் பல்லடத்துக்கும் நடுவே ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இருக்கிறேன். மூன்று அறைகளில் மூன்று விதமாகச் செலவு செய்து பார்த்துவிட்டேன். அதில் ஒன்றில் போட்ட பணம் முக்கால்வாசி வீண். அந்த அனுபவத்தையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதலில் காது. அறை காலியாக இருக்கும்போது நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் ‘ங்ங்’ என்று ஒலி நீண்டால், அந்த அறையில் முப்பது பிள்ளைகள் சாதாரணமாகப் பேசினாலே சந்தைதான். சிமென்ட் தரை, பூசிய சுவர், கான்கிரீட் கூரை எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. பாடம் நடக்கும் நேரத்தில் வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது, எதிரொலி 0.6 வினாடி அளவில் அடங்கிவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் பள்ளிகளில் 35 என்பது கனவு. ஆனால் எதிரொலியைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

அடுத்தது வெயில். வெக்கையும் கண்கூச்சமும் சேர்ந்தால் மதியம் இரண்டு மணிக்கு எந்தப் பிள்ளைக்கும் பொறுமை இருக்காது. அப்புறம் பராமரிப்பு: வாங்கியதை யார் துவைப்பது, யார் துடைப்பது? துப்புரவுக்கு வரும் அம்மா ஒரு மணி நேரத்தில் பள்ளி முழுக்கக் கூட்டிவிட்டுப் போக வேண்டியவர். நான்காவது, ஜூனில் போட்டது ஏப்ரல் வரை தாங்குமா என்பது. கடைசியாக, பிள்ளைக்கு அது ‘என்னுது’ என்று தோன்றுமா? வரவேற்பு என்று நான் சொல்வது இதைத்தான். வாசலில் ‘நல்வரவு’ எழுதுவதை அல்ல.

ஒரே ஒரு முன்குறிப்பு. சத்தம் போடும் ஃபேன் இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பேரிங் போய் ‘கடக் கடக்’ என்று ஆடும் ஃபேனுக்குக் கீழே எந்த அலங்காரமும் எடுபடாது.

## சுவர்: பெயின்டும் படமும்

எல்லாரும் முதலில் நினைப்பது இதைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வீணாய்ப் போனதும் இதுதான்.

20-க்கு 20 அடி அறை, சுவர் உயரம் 10 அடி என்றால் நான்கு சுவரும் 800 சதுர அடி. கதவு, சன்னல், கரும்பலகை கழித்து 700 என்று வையுங்கள். சாதாரண எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடி வரும். ஆக 12 முதல் 14 லிட்டர். அதற்கு மேல் பிரைமர், பட்டி பார்ப்பது, பெயின்டர் கூலி. படம் வரைபவர் கூலி தனி. பத்தாயிரம் இதிலேயே கரைந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு ஓதம். ஓட்டுக் கட்டடமோ, பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரோ என்றால் ஈரம் கீழிருந்து ஏறும். அதன்மேல் எமல்ஷன் அடித்தால் ஐப்பசி மழை முடிவதற்குள் அப்பளம் போலக் கொப்புளித்து உரியும். எங்கள் அறையில், சுவரில் வரைந்திருந்த முயலின் கால்கள்தான் முதலில் உதிர்ந்தன. இப்படிப்பட்ட சுவருக்குச் சுண்ணாம்புதான் பொருத்தம். அது ஈரத்தை உள்ளே அடைக்காமல் வெளியே விடும், வெளிச்சத்தையும் நன்றாகத் திருப்பும், விலையும் குறைவு. குறை என்னவென்றால் சாய்ந்தால் முதுகில் ஒட்டும். பசை கலந்து அடித்தால் ஓரளவு நிற்கும்.

படங்களைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. எங்கள் சுவர் யானைக்கு ஓவியர் ஒரு தந்தம்தான் வைத்திருந்தார். கழித்தல் கணக்கு நடக்கும்போதெல்லாம் யாராவது ஒருவன் எழுந்து, “டீச்சர், அதுக்கு இன்னொரு கொம்பு எங்கீங்க?” என்பான். ஒரு வருஷம் முழுக்க அந்தத் தந்தத்தோடு மல்லுக்கட்டினேன்.

இது என் பள்ளிக் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 24 மழலைப் பிள்ளைகளைப் படங்கள் நிறைந்த அறையிலும் சுவர் வெறுமையாக இருந்த அறையிலும் மாற்றி மாற்றி உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்கள். படம் நிறைந்த அறையில் பாட நேரத்தில் 38.6 சதவீதம் கவனம் வேறெங்கோ போனது. வெறும் சுவரில் 28.4. பாடத்தைப் பற்றிக் கேட்டபோது சரியான விடை முறையே 42, 55 சதவீதம். 24 பேர் என்பது சின்னக் கூட்டம்தான், நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் யானையோடு வாழ்ந்தவளுக்கு ஆச்சரியமாக இல்லை.

அதற்காகச் சுவரை மொட்டையாக விடவும் வேண்டாம். இங்கிலாந்தில் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 153 வகுப்பறைகளை ஆராய்ந்து 2015-இல் சொன்னது நடுவழி: சுவரில் 20 முதல் 50 சதவீதம் வரை வெறுமையாக விடுங்கள், மற்றதில் பிள்ளைகளின் வேலை இருக்கட்டும். நம்மிடம் இதற்கு ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் தலைக்கு மேலே கட்டிய கம்பிப் பந்தல் பல பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. வாரம் ஐந்து பிள்ளைகளின் தாளை மட்டும் தொங்கவிட்டு, திங்கட்கிழமை மாற்றினால் போதும்.

சுவருக்குச் செலவு செய்வதே சரி என்று நான் சொல்லும் இடங்களும் உண்டு. அறை இருட்டாக இருந்தால் வெளிர் நிறம் அடிப்பதைவிட மலிவான வெளிச்சம் கிடையாது. சுவர் அழுக்கேறிப் பார்க்கவே மனம் சுருங்கினாலும் அடிக்கலாம். அப்போதும் முழுச் சுவர் வேண்டாம். பிள்ளைகள் சுவரில் சாய்ந்து உட்காரும் பள்ளியில் தரையிலிருந்து சுமார் இரண்டடி உயரத்தில் ஒரு வரிசை பார்த்திருப்பீர்கள்: தேங்காயெண்ணெய் தேய்த்த தலைகளின் கறை, ஒன்றன்பின் ஒன்றாக, தலைக்கு ஒரு வட்டம். ஓதம் ஏறாத சுவர் என்றால், கீழே நான்கு அடிக்கு மட்டும் துடைக்கக்கூடிய ஆயில் பெயின்ட் அடித்தால் அந்த வரிசை போய்விடும். மேலே சுண்ணாம்பே போதும். பளபளப்பு அதிகமான பெயின்ட் வேண்டாம், வெயில் பட்டுக் கண் கூசும். அடிப்பது மே மாதத்தில் இருக்கட்டும், வாடை போக நாள் வேண்டும்.

## தரை: ஜமுக்காளம், கோரைப்பாய், நார் விரிப்பு

ஒன்று முதல் மூன்று வரை, அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்புகளில் பிள்ளைகள் பாதி நேரம் தரையில்தான். மார்கழியில் சிமென்ட் தரை சில்லென்று ஏறும், நெளிந்துகொண்டே இருப்பார்கள். அடங்காத பிள்ளைகள் என்று நாம் நினைப்பவர்களில் பாதிப் பேர் உண்மையில் குளிர்ந்த பிள்ளைகள்.

25 பிள்ளைகளுக்குத் தலைக்கு ஆறு சதுர அடி வைத்தால் 150 சதுர அடி. 6-க்கு 8 அடியில் மூன்று ஜமுக்காளம் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். எதிரொலியைக் குறைப்பதில் இதன் பங்கு பெரிது. நாற்காலி இழுபடும் சத்தம், ஸ்லேட் விழும் சத்தம், ஓடும் கால் சத்தம் எல்லாம் பிறக்கும் இடத்திலேயே அமுங்கிவிடும். விரித்த பிறகு மறுபடி கை தட்டிப் பாருங்கள், வித்தியாசம் உங்கள் காதுக்கே தெரியும்.

பவானி ஜமுக்காளம் புவிசார் குறியீடு பெற்றது. முரட்டுப் பருத்தி நூல், அகலக் கோடுகள், கைத்தறி. ஜமுக்காளம் போன்ற சில துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்க 1985-லேயே சட்டம் வந்தது. ஆனாலும் அந்தப் பெயரில் விசைத்தறிச் சரக்கு எங்கும் விற்கிறது. விலை குறைவு, எடையும் குறைவு, பிள்ளைகள் ஓடினால் சுருண்டுகொள்ளும். முடிந்தால் பவானியிலேயே கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குங்கள். கனமானது தரையோடு படிந்து கிடக்கும். பள்ளிக்கு அதுதான் முக்கியம், தடுக்கி விழ மாட்டார்கள்.

மறைந்திருக்கும் செலவு துவைப்பது. நனைந்த ஜமுக்காளத்தை ஒருவரால் தூக்க முடியாது. இருவர் பிடித்துப் பிழிந்து கைப்பிடிச் சுவரில் போட வேண்டும். நாங்கள் பருவத்துக்கு ஒரு தடவை, விடுமுறைக்கு முந்தின நாள் துவைக்கிறோம். மதிய உணவை இதன்மேல் வைத்துச் சாப்பிடுவது கிடையவே கிடையாது, சாம்பார் ஒரு தடவை கொட்டினால் வாசம் போகாது. சாயங்காலம் சுருட்டி நிறுத்தினால், காலையில் உதறாமல் விரிக்கக் கூடாது. தேளும் பூரானும் நம் ஊரில் ஆளைப் பார்த்து வருவதில்லை. வாசலில் செருப்பு விட ஒரு பலகையும் வேண்டும், இல்லாவிட்டால் செம்மண் முழுக்க உள்ளே வந்துவிடும்.

கோரைப்பாய் மலிவு. காவிரிக்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும், கோடைக்குக் குளிர்ச்சி. ஆனால் ஒரே வருஷத்தில் ஓரம் பிரியும், பிரிந்த கோரையைப் பிள்ளைகள் உருவிக்கொண்டே இருப்பார்கள். ஒலியை அடக்குவதிலும் ஜமுக்காளத்துக்குப் பக்கத்தில் வராது. பொள்ளாச்சித் தென்னை நார் விரிப்பு தடிமனானது, சத்தத்தை நன்றாக உண்ணும். ஆனால் அரைக்கால் டவுசர் போட்ட பிள்ளை அதில் ஐந்து நிமிஷம் உட்கார மாட்டான், குத்தும். வாசலில் கால் துடைக்க ஒன்று வாங்குங்கள், அதோடு போதும்.

எல்லாரும் பெஞ்சில்தான் என்றால் ஜமுக்காளம் வீண் செலவு. அங்கே பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பெஞ்சுக் கால்களில் மாட்டுங்கள். பஞ்சர் கடையில் சும்மாவே கொடுப்பார்கள். அந்தக் கிறீச்சொலி அன்றைக்கே நின்றுவிடும்.

## சன்னல்: திரைச்சீலை

நம் பகுதியில் துணிக்குப் பஞ்சம் கிடையாது. பல்லடம், சோமனூர் பக்கம் வெளுக்காத காடா துணி, கரூரில் ஏற்றுமதித் திரைச்சீலைகளில் மிஞ்சியவை, திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் ஈரோட்டு ஜவுளிச் சந்தை. நாலடி அகலச் சன்னலுக்கு மடிப்பு விழும்படி எட்டடி அகலத் துணி வேண்டும். ஒரு சன்னலுக்கு மூன்று மீட்டர், நான்கு சன்னலுக்குப் பன்னிரண்டு. தைப்பதற்குப் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அம்மாக்கள் எந்த வகுப்பிலும் நாலு பேராவது இருப்பார்கள். கேட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுவார்கள்.

துணி தட்டையாகத் தொங்கினால் ஒலிக்குப் பெரிய பயன் இல்லை. மடிப்புதான் வேலை செய்யும், துணி சிக்கனம் பார்த்தால் நோக்கமே கெட்டுவிடும். மேற்குச் சன்னலுக்கு முதலில் போடுங்கள், சாயங்கால வெயில் தலையில் அடிப்பது நிற்கும். காடாவின் வெளிர் நிறம் வெளிச்சத்தை வடிகட்டித் தரும். அடர் நிறம் போட்டால் அறை இருண்டு, பிறகு பகலிலேயே லைட் எரிய வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். திரை உள்ளே எழும் எதிரொலியைத்தான் குறைக்கும். வெளியிலிருந்து வரும் சத்தத்தை நிறுத்தாது. பக்கத்தில் தறிக்கூடம் இருந்தால் சன்னலை மூட வேண்டும், மூடினால் வெக்கை. எங்கள் பள்ளியில் வேறு வழியில்லாமல் கரும்பலகையைத் தறிக்கு எதிர்ப்பக்கச் சுவருக்கு மாற்றினோம். பிள்ளைகள் டீச்சர் பக்கத்தில், தறி முதுகுக்குப் பின்னால். அதுவே பாதி தீர்வு. ஆடி மாதம் இன்னொரு தொல்லை: பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் திரை பறந்து பறந்து பிள்ளைகள் தலையில் விழும். கீழ் ஓரத்தில் ஒரு கயிறு கோத்துக் கட்டிவிடுங்கள்.

நாமக்கல் பக்கத்திலிருந்து ஓர் யோசனை அடிக்கடி வரும்: முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் சத்தம் குறையுமாமே? மெல்லிய காகிதக் கூழ் அது, கீச்சொலியில் கொஞ்சம் குறைக்குமே தவிரப் பேச்சொலியில் பெரிதாக எதுவும் செய்யாது. தெர்மாகோல் அதுவும் செய்யாது. இரண்டும் தூசி சேர்க்கும், கரப்பான் குடியேறும், தீ பிடித்தால் சரசரவென்று பரவும். 2004-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்த மாநிலம் இது. சமையல் கூடத்தை ஒட்டிய அறை என்றால் திரைச்சீலைகூட அந்தப் பக்கச் சன்னலுக்கு வேண்டாம் என்பேன்.

## செடி

அழகுதான், செலவும் இல்லை. ஆனால் ஏப்ரல் கடைசியில் பூட்டிவிட்டுப் போனால் ஜூனில் குச்சிதான் மிஞ்சும். தாங்குவது மருளும் (ஸ்னேக் பிளான்ட்) கற்றாழையும். கற்றாழை முள் குத்தும், அதனால் மருள். பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மணி பிளான்ட் வைப்பதை விட்டுவிடுங்கள். டெங்குக் கொசு முட்டையிட அது போதும், சுகாதார ஆய்வாளர் வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். சன்னல் திட்டில் மண் தொட்டி இரண்டு, தண்ணீர் ஊற்ற வாரம் ஒரு பிள்ளை. இதற்கு மேல் இதில் எதிர்பார்க்க எதுவும் இல்லை.

## மூலையும் பெயரும்

அமைதி மூலை என்று ஒன்றை வைப்பதும் ஒரு வழி. அழும் பிள்ளை, அடித்துக்கொண்டு வந்த பிள்ளை, தூக்கம் கெட்டு வந்த பிள்ளை கொஞ்ச நேரம் போய் உட்கார ஓர் இடம். திருப்பூர்ப் பக்கம் பனியன் கட்டிங் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கும். துவைத்துக் காயவைத்துத் திண்டு தைக்கலாம், நாலு கதைப் புத்தகம் வைக்கலாம். மறைந்திருக்கும் செலவு பணம் அல்ல. ஒரே ஒரு தடவை கோபத்தில், “போய் அந்த மூலையில உக்காரு” என்று சொல்லிவிட்டால் அது தண்டனை மூலையாகிவிடும், அப்புறம் எந்தப் பிள்ளையும் தானாகப் போகாது. 15 பேர் உள்ள அறையில் இது நன்றாக நடக்கும். 40 பேர் இருந்தால் இடத்துக்கே சண்டை வரும், வேண்டாம்.

இதே தலைப்பில் காசில்லாத ஒன்று உண்டு: பை மாட்டும் ஆணிக்கு மேலே பிள்ளையின் பெயர். எங்கள் பள்ளியில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். அட்டையில் தமிழில் பெயர் எழுதி, அதன் கீழே அவர்கள் எழுத்தில் எழுதித் தரும்படி பெற்றோரைக் கேட்டோம். ஓர் அப்பா நூற்பாலை ஷிப்ட் முடிந்து பஞ்சு ஒட்டிய தலையோடு வந்தார். பேனாவை வாங்கிச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒடியா எழுத்தில் மகன் பெயரை மெதுவாக எழுதினார். ஜூனிலிருந்து வாய் திறக்காத பையன், மறுநாள் பக்கத்து ஆணிக்காரனுக்கு அந்த எழுத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தான்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

தொகைகள் எங்கள் பக்கத்து நிலவரத்தில் போட்ட உத்தேசம்தான், ஊருக்கு ஊர் மாறும்.

| வழி | உத்தேசச் செலவு (ரூ.) | சத்தம் குறையுமா | வெயில், கண்கூச்சம் | யாருக்குச் சரி |
|---|---|---|---|---|
| முழு பெயின்ட், படம் | 8,000–12,000 | இல்லை | வெளிர் நிறமானால் வெளிச்சம் கூடும் | இருண்ட, ஓதம் இல்லாத அறை |
| சுண்ணாம்பு, கீழே ஆயில் பெயின்ட் | 2,500–3,500 | இல்லை | வெளிச்சம் கூடும் | பழைய கட்டடம். ஓதம் இருந்தால் சுண்ணாம்பு மட்டும் |
| ஜமுக்காளம் மூன்று | 3,000–5,000 | நன்றாக | இல்லை | தரையில் உட்காரும் வகுப்பு |
| திரைச்சீலை | 1,000–1,500 | ஓரளவு | நன்றாக | மேற்குச் சன்னல், கான்கிரீட் அறை |
| செடி | 200 | இல்லை | இல்லை | பொறுப்பாகத் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் |
| மூலை, பெயர் அட்டை | 500 | இல்லை | இல்லை | சிறு வகுப்பு. பெயர் எல்லாருக்கும் |

என் கையில் இப்போது பத்தாயிரம் இருந்தால், தரையில் உட்காரும் ஒன்றாம் வகுப்புக்கு ஜமுக்காளத்துக்கு 4,000, திரைக்கும் கயிறு, கம்பிக்கும் 1,500, சுவரின் கீழ் நான்கு அடி ஆயில் பெயின்டுக்கும் அதற்கு மேலே சுண்ணாம்புக்கும் 3,000, மூலைக்கும் அட்டைக்கும் 500 வைப்பேன். வாங்கும் வரிசையும் அதேதான், சுண்ணாம்பு மட்டும் மே மாதத்திலேயே. பெஞ்சு வகுப்பு என்றால் ஜமுக்காளத்துக்கு வைத்த பணத்தில் சன்னலுக்கு நல்ல கனத் துணி வாங்கலாம், பின்சுவரிலும் ஒரு திரை மடிப்பாகத் தொங்கவிடலாம்.

மீதி ஆயிரத்தைத் தொடாமல் தலைமையாசிரியர் பீரோவிலேயே வையுங்கள். பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள் துணி சோப்பு வாங்க வேண்டும், ஜமுக்காளத்தைத் தூக்கிப் போட வரும் இரண்டு பேருக்கு டீயும் வடையும் வேண்டும்.